தாமதமாக அழுத்திய விரல்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இந்த வயதுக்கு எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு நலமாக நானும் அப்பாவும் இருக்கிறோம். அங்கே நீயும் மருமகளும் குட்டியும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும், தினமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இது என்ன பேனாவும் காகிதமும் என்று நினைப்பாய். போனில் நீ அவசரத்தில் இருப்பாய், நான் சமையலில் ஆரம்பித்து மழையில் முடித்துவிடுவேன், சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நின்றுவிடும், அதனால்தான்.

அப்பாவுக்குக் கண்புரை எடுத்தாகிவிட்டது. இப்போது வீட்டிலிருக்கிற தூசியெல்லாம் புதிதாகத் தெரிகிறதாம், இத்தனை நாள் நான் பெருக்கவே இல்லை என்பதுபோல் என்னைப் பார்க்கிறார். எனக்கு முழங்கால்தான். தண்ணீரில் இறங்குங்கள், உடம்பின் எடை தெரியாது என்று டாக்டரம்மா சொன்னார், அறுபத்தாறு வயதில் உன் அம்மா நீச்சல் கற்றுக்கொண்டாள், சிரிக்காதே. நீ போன அதே குளம்தான். கூரையை மாற்றியிருக்கிறார்கள், குளோரின் வாடை மட்டும் அப்படியே இருக்கிறது. பத்து மணிக்கு மேல் முதியோர் நேரம். பக்கத்து லேனில் ஐந்து வயதுப் பிள்ளைகள் மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்கும், யார் முதலில் வந்தது என்று தெரியாது, எல்லாம் நான்தான் முதல் என்று கத்தும். பத்து வயதானால் சுவரைத் தொட்டதும் அம்மா முகத்தைப் பார்க்கும். பதினைந்தில் யார் முகத்தையும் பார்க்காது, கடிகாரத்தில் வந்த நேரத்தை மட்டும் பார்க்கும். அதற்கப்புறம் நடுவயதுக்காரர்கள் தொப்பையைக் குறைக்க வருவார்கள், போட்டி என்றால் சிரிப்பார்கள். எங்களுக்கோ மூச்சோடு மறுகரை சேர்ந்தால் போதும், அப்படித்தான் போன வாரம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் எங்கள் எட்டுப் பேருக்குள் ஒரு போட்டி வைத்தார்கள். எனக்குக் கால் வீங்கியிருந்ததால் என் கையில் ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்துவிட்டார்கள். எங்களில் ஒருவர் ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர், எழுபத்தொரு வயது, மூச்சிரைக்க வந்து சுவரைத் தொட்டார். என் விரல் பட்டன் மேல்தான் இருந்தது, அழுத்த வரவில்லை. அவர் நிமிர்ந்து, எவ்வளவும்மா, எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நமக்கெல்லாம் இனிமேல் என்ன போட்டி என்று மாதக்கணக்கில் எங்களுக்கு உபதேசம் செய்த மனுஷன், அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஜெயிக்கிற ஆசை எந்த வயதிலும் போகிறதில்லை போலிருக்கிறது, வெளியே சொல்ல வெட்கம் வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஏன் அழுத்த வரவில்லை என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். உனக்கு அப்போது பதினாறு. பிள்ளைகள் பதினான்கு பேர், கோச் ஒருவர், அதனால் காலைப் பயிற்சியில் அவரவர் பிள்ளைக்கு அவரவர் அம்மா நேரம் எடுத்து நோட்டில் எழுத வேண்டும் என்று வைத்திருந்தார். மற்றவர்கள் பிள்ளையின் கை சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போதே அழுத்திவிடுவார்கள். நான் பெரிய நேர்மைக்காரி இல்லையா, நீ தொட்ட பிறகு ஒரு மூச்சு விட்டு அப்புறம்தான் அழுத்துவேன். என்னை ஒருத்தியும் குறை சொல்ல முடியாது என்ற கர்வம். எண் மோசமாக இருந்தால் நாளைக்கு இன்னும் வேகமாக நீந்துவாய் என்ற நினைப்பு வேறு. நீ தண்ணீரிலிருந்து என்னைப் பார்ப்பாய், நான் உதட்டைப் பிதுக்குவேன். அந்த நோட்டை வைத்தே அணியை எடுத்துவிடுவார் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. பட்டியல் ஒட்டிய அன்று நீ புள்ளி மூன்று நொடியில் வெளியே. நான் தினமும் கூட்டியது அதைவிட அதிகம். அறிவிப்புப் பலகை முன்னால் நிற்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கோச் நாலடி தள்ளித்தான் நின்றார், ஆனால் மற்ற அம்மாக்களும் நின்றார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. அதோடு விட்டேனா, வீட்டுக்கு வரும் வழியில், இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கலாம் என்று உன்னிடமே சொன்னேன். அடுத்த வாரம் நீ குளத்துக்குப் போவதை நிறுத்தினாய். இருபத்திரண்டு வருடமாகிறது.

நேற்று கோச் வீட்டுக்குப் போனேன். படுத்த படுக்கையாக இருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுவிட்டு, எந்தப் பையன் என்றார். மல்லாந்து நீந்துவானே, நெட்டையாக இருப்பானே என்றேன். நெட்டைப் பசங்க நிறைய பேர் இருந்தாங்கம்மா என்றார். அப்பாவிடம் வந்து சொன்னால், இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது என்கிறார். ஒன்றும் ஆகப்போவதில்லை, அது எனக்கே தெரியும். மன்னிப்பு என்று கேட்டால், அதெல்லாம் மறந்தாச்சும்மா என்பாய், அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. நீ மெதுவாக நீந்தவில்லை, அதையாவது தெரிந்துகொள்.

இதை எழுதாமலேயே இருந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டபோது நீ கடைக்குப் போயிருந்தாய், குட்டிதான் போனை எடுத்தாள். பாட்டி, எங்க அப்பாவுக்கு நீச்சலே தெரியாது, நான் கத்துக்கிட்டு அப்பாவுக்குச் சொல்லித்தரப் போறேன் என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். அப்பாதான் என்றாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை, சரிம்மா, சொல்லிக்கொடு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

முதுகுவலிக்கு டாக்டரைப் பார்க்கிறேன் என்று நீ சொல்லி மூன்று மாதமாகிறது, மறக்காமல் போய்விட்டு வா. மருமகளுக்கும் குட்டிக்கும் என் ஆசிகள். உனக்கும்தான், என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள மனம் இருந்தால்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா