தபசு காலத்துத் தராசு

சேசு மரி சூசை துணை

ஜார்ஜ் டவுன், பினாங்கு
17-3-1930

அன்புள்ள தம்பி வேதநாயகத்துக்கு அக்கா சவுந்தரம் எழுதுவது.

நீ அனுப்பிய ஆள் வந்தபோது வீட்டில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான் லாரன்ஸ், பக்கத்து வீட்டு டோரதி, அவள் இடுப்பில் அவளுடைய சின்ன மகள். வேறு யாரும் இல்லை. பின்னால் எவராவது வேறு மாதிரிச் சொன்னால் உனக்குத் தெரிய வேண்டுமே என்றுதான் இதை முதலில் எழுதுகிறேன்.

ஆள் பெயர் ஷேக் அலாவுதீன். மரியாதைக்காரர். செருப்பை வெளியே விட்டுவிட்டு, தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். உலையில் போடுமுன் அரிசியை எடை போட்டார். பருப்பு, வெண்டைக்காய், எண்ணெய், உப்பு வரைக்கும் எடைதான். அத்தான் சும்மா இருப்பாரா? "பானைய நிறுக்கிறீங்க பாய், வயித்த எப்ப நிறுப்பீங்க?" என்றார். "அதுக்குத் தராசு பத்தாது லா அண்ணே," என்று அவரும் சிரித்தார். டோரதிக்குச் சிரிப்பு வரவில்லை. "எவனோ ஒருத்தன் எம் மொளகா டப்பாவ எட்டிப் பாக்குறான். தொர வீட்டுப் பானைய யாரு போய் நிறுக்கிறா?" என்று முணுமுணுத்தாள்.

கூலிக்குடும்பங்கள் என்ன சாப்பிடுகின்றன, எவ்வளவு சாப்பிடுகின்றன என்று பார்த்து, அதைக் கொண்டே இனிக் கூலியைத் தீர்மானிப்பார்கள் என்று நீ எழுதியதை இந்த வரிசை வீடுகளில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டியவள் நான். என் முகத்துக்காகத்தான் கதவைத் திறந்தார்கள். அதை நீ மறக்கக்கூடாது.

ஒரு விஷயம் மனதில் முள்ளாய்க் கிடக்கிறது. அலாவுதீன் குறித்ததை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். "ராத்திரிச் சாப்பாடு: கஞ்சி. இறைச்சி: வழக்கமில்லை" என்று வாசித்தார். வழக்கமில்லை என்று யார் சொன்னது? இது தபசு காலம். நம் வரிசை முழுக்க வேதக்காரர்கள். உயிர்த்த திருநாள் வரை ஒருசந்தி இருக்கிறோம், ஒரு வேளைதான் வயிறாரச் சாப்பாடு, இறைச்சியைத் தொடுவதில்லை. மூட்டை சுமக்கிறவர்களுக்கு ஒருசந்தியிலிருந்து விலக்கு உண்டு என்று கோயில் சுவாமியே பிரசங்கத்தில் சொன்னார். உன் அத்தான் கேட்கிற ஆளா? சமைக்குமுன் கோயில் ஏழைகளுக்கென்று ஒரு பிடி அரிசியும் எடுத்து வைத்துவிடுகிறோம். எடுத்த பிறகு மிச்சத்தைத்தான் அவர் எடை போட்டார். இதெல்லாம் அந்தத் தாளில் எங்கே வரும்?

வேளைக்குச் சாப்பிடு. ஈரத்தலையோடு ஆபீசுக்குப் போகாதே.

உன் அக்கா,
சவுந்தரம்

நிபோங் திபால்
22-3-1930

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. தேவமாதா கிருபையால் நலம்.

நீ வீணாகக் கவலைப்படுகிறாய். எத்தனையோ குடும்பங்களில் எடை போடுகிறோம். ஒரு வீட்டில் கூடும், இன்னொரு வீட்டில் குறையும். சேர்த்து வகுத்தால் எல்லாம் சமமாகிவிடும். இது ஆராய்ச்சி, அக்கா. தாளில் ஒருசந்திக்கென்று தனி இடம் கிடையாது. அலாவுதீனிடம் அதிகம் பேச்சுக் கொடுக்க வேண்டாம். எடை போடுவதோடு அவர் வேலை முடிந்தது.

ஒரு நல்ல செய்தி. இந்தக் கணக்கை உயிர்த்த திருநாளுக்குள் முடித்துக் கொடுத்தால் என் உத்தியோகத்தை நிரந்தரமாக்குவதாகத் துரை சொல்லியிருக்கிறார். ரப்பர் விலை விழுந்துகிடக்கும் இந்த நாளில் இது சின்ன விஷயமா? எனக்காக ஜெபமாலை சொல்.

உன் தம்பி,
வேதநாயகம்

சேசு மரி சூசை துணை

ஜார்ஜ் டவுன்
29-3-1930

அன்புள்ள தம்பிக்கு,

உன் உத்தியோகத்துக்காக ஜெபமாலை சொன்னேன். சொல்லும்போதே மனம் வேறெங்கோ போனது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

சேர்த்து வகுத்தால் சமமாகும் என்கிறாய். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. வாரப்பத்திரிகைகளைக் கூட்டிக் கூட்டிப் படித்ததுதான் என் படிப்பு. ஆனாலும் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள். ஒரு வீட்டில் குறைந்து இன்னொரு வீட்டில் கூடினால் சமமாகும். வரிசை முழுக்க ஒரே நேரத்தில் குறைத்துச் சாப்பிட்டால் எது எதைச் சமமாக்கும்? டோரதி மீனும் வேண்டாமென்று நேர்ந்திருக்கிறாள். கோடிவீட்டு லீனா காப்பிக்குச் சீனி போடுவதில்லை. சாமிக்கென்று விட்டதை, இவர்களுக்கு வேண்டாததாக்கும் என்று எழுதிக்கொண்டு போகிறார்கள்.

அத்தான் பகடியாக ஒன்று சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. "இவ்வளவு போதும்னா இவ்வளவுதான் தருவான். நம்ம பக்தி நம்ம கூலிய வெட்டப்போவுது," என்றார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நம் வரிசைக்கு இந்த வாரங்களைக் குறித்தது யார்?

அக்கா,
சவுந்தரம்

நிபோங் திபால்
5-4-1930

அன்புள்ள அக்காவுக்கு,

நாள் குறிப்பதெல்லாம் மேலிடத்து வேலை. என் கையில் ஒன்றுமில்லை. வெள்ளைக்காரருக்கு நம் தபசு காலத்து வழக்கம் என்ன தெரியும்?

சுங்கை பாக்காப்பில் ஒரு தோட்டத்து ஸ்டோரில் ஆள் தேடுகிறார்கள். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை. அத்தானுக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த வயதில் அவர் மூட்டை சுமக்க வேண்டுமா? இதை வரிசையில் யாரிடமும் சொல்லாதே. மற்ற விஷயங்களையும் அவர்களோடு பேசிக்கொண்டிராதே.

அலாவுதீன் ஒரு தாளோடு வருவார். எல்லார் வீட்டிலும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக் கொடு.

வேதநாயகம்

சேசு மரி சூசை துணை

ஜார்ஜ் டவுன்
14-4-1930, பெரிய வாரத்துத் திங்கள்

தம்பி வேதநாயகத்துக்கு,

இன்று அலாவுதீன் தாளோடு வந்தார். அப்போது இருந்தவர்கள்: நான், அத்தான், டோரதி, லீனா. நான்தான் அவர்களை வரச் சொன்னேன். யாரிடமும் பேசாதே என்று நீ எழுதிய பிறகு, எல்லாரும் கூட இருந்தால் நல்லது என்று தோன்றியது.

தாளை வாசிக்கச் சொன்னேன். "மேலே கண்டது எங்கள் குடும்பத்தின் வழக்கமான சாப்பாடு" என்று இருந்தது. வழக்கமான என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, தபசு காலத்து விஷயத்தை அவரிடம் விவரமாகச் சொன்னேன். மனிதர் முகம் மாறிவிட்டது.

"இது உங்களுக்கு நோன்பு மாசமாக்கா? எங்கிட்ட யாருமே சொல்லலியே," என்றார். "எங்க ஆளுங்க இருக்கிற சூலியா தெருப் பக்கம் போறதா இருந்தப்ப, வேதநாயகம் சார்தானே தடுத்தாரு. நோன்பு மாசத்துல போகாதீங்க பாய், கணக்குத் தப்பா வரும், பெருநாள் கழிச்சுப் போய்க்கலாம்னாரு. பெருநாள் முடிஞ்சதும், மொதல்ல இங்க போங்கன்னு இந்த வரிசையத்தான் குறிச்சுக் குடுத்தாரு."

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. அதை இறக்கவும் எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் டோரதிதான், "ஒங்க தம்பிதானேக்கா?" என்றாள். சண்டைக்காகக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்கிறவள் போலக் கேட்டாள். அதுதான் தாங்கவில்லை.

தம்பி, மேலிடம் குறித்தது என்று எழுதினாய். வெள்ளைக்காரருக்குத் தெரியாது என்றும் எழுதினாய். உனக்கும் எனக்கும் ஒரே தொட்டியில்தான் ஞானஸ்நானம் நடந்தது. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு ஆபீசுக்குப் போனவன் நீ. சூலியா தெருவில் கணக்குத் தப்பும் என்று தெரிந்த உனக்கு, உன் அக்கா அடுப்படியில் மட்டும் எப்படித் தெரியாமல் போனது? நீ வேண்டுமென்றே செய்தாய் என்று நான் எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை. ஆனால் நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

தாளில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. அலாவுதீன் வெறுந்தாளைத்தான் திருப்பிக் கொண்டுவருகிறார். அவரைக் கோபிக்காதே; கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். சுங்கை பாக்காப் வேலை வேண்டாம் என்று அத்தான் சொல்லச் சொன்னார். நான் கேட்காமலே நீ செய்ய வந்த உதவி அது ஒன்றுதான்.

திருநாளுக்கு நீ எப்போதும் ரயிலேறி, படகில் இக்கரை வந்து எங்களோடு சாப்பிடுவாய். இந்த வருஷமும் பாசார் கறிக்கடையில் ஆட்டுத்தொடைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வரிசையில் எல்லார் வீட்டிலும் அன்று கறிதான், மறுநாளும் கறிதான். அதற்கப்புறம் வருகிறதுதான் எங்கள் வழக்கமான சாப்பாடு. அந்த வாரங்களில் எங்களை மறுபடி எடை போட வேண்டும் என்றும், முன்பு போட்டது செல்லாது என்றும் மேலே எழுது. உத்தியோகம் நிரந்தரமாகாமல் போகலாம். தெரிந்துதான் கேட்கிறேன். அப்படி எழுதிவிட்டாய் என்றால் உனக்கு முதல் இலை போடுவேன். எழுதாமல் வருவதாக இருந்தால், டோரதியும் லீனாவும் பார்க்க உன்னை என்ன சொல்லி உள்ளே கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

எழுதுவாயா, மாட்டாயா? சனிக்கிழமைக்குள் எனக்குத் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் போடு.

அக்கா,
சவுந்தரம்