கருங்கல்லில் வெட்டிய முகவரி

செவ்வாய், இரவு 11.30

இந்நேரத்தில் எழுப்புவதற்கு மன்னித்துக்கொள், டைரி. பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

எங்கள் சிற்பக்கூடத்தின் வெப்சைட்டை நேற்று புதிய தளத்துக்கு மாற்றினேன். பக்கங்களின் முகவரியெல்லாம் மாறிவிட்டது. இன்று மதுராந்தகத்திலிருந்து ஒருவர் போன் செய்தார்.

"இன்னொரு நந்தி வோணும். பீடத்துல கீற முகவரிய போட்டா ஒண்ணும் வரல. கடைய மூடிட்டீங்கன்னு வேற எடத்துல விசாரிச்சிகினு கீறேன்."

சிலை செதுக்கும் கொழுந்தனாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"வித்த சிலை எல்லாத்துலயும் அதத்தான் வெட்டிகீறேன், அண்ணி. ரப்பர் வெச்சி அழிக்கவா?"

பழைய முகவரிகள் ஒவ்வொன்றையும் அதனதன் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிட்டேன். விற்காமல் நிற்கும் பிள்ளையாரின் பீடத்தைப் பார்த்து அவர் போனில் எழுத்தெழுத்தாகத் தட்டினார். பக்கம் திறந்தது. பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

மதுராந்தகத்துக்காரருக்கு ஒரு வரி அனுப்பியிருக்கிறேன்: கடை திறந்துதான் இருக்கிறது ஐயா, பீடத்தில் உள்ள அதே முகவரியில் பார்த்துவிட்டுச் சீக்கிரம் பதில் போடுங்கள்.