சித்தியின் மடி

அக்கா,

அன்புள்ள என்று எழுத இன்று கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தபோது குட்டி ஓடிவந்து என் மடியில் ஏறினாள். நீ அவளைப் பிடுங்கிக்கொண்டு போய் அவள் கையைக் கழுவிவிட்டாய். ஏன் என்று கேட்டதற்கு, "எச்ஐவி தடுப்பூசி போட்டுக்கிறேன்னு நீதானே சொன்னே? ஒண்ணும் இல்லாமலா போட்டுக்கிறே?" என்றாய். அத்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அது நோய்க்கான மருந்து இல்லை. நோய் வராமல் தடுக்க முடியுமா என்று பார்க்கிற சோதனை ஊசி. நோய் இல்லாதவர்களைத்தான் அதில் சேர்க்கிறார்கள். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். சொல்லியிருந்தால் நீ நிம்மதியாகக் குழந்தையைத் திருப்பித் தந்திருப்பாய். அப்படியானால் நோய் இருக்கிறவள் மடியிலிருந்து பிடுங்குவது சரி என்றாகிவிடும். தொட்டால் ஒட்டாது என்று ஊர்ச் சுவரெல்லாம் எழுதிப்போட்டும் உன் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லையே.

தையல் கூடத்தில் எனக்குப் பக்கத்து மெஷின்காரிக்கு இந்த நோய் புருஷனிடமிருந்து வந்தது. விஷயம் தெரிந்ததும் சூப்பர்வைசர் அவள் குடித்த டம்ளரைக் குப்பையில் போட்டார். மறுநாள் அவளையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார். அந்த ஆத்திரத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் இந்தச் சோதனைக்குப் பெயர் கொடுத்தேன்.

அடுத்த ஊசிக்கும் போவேன். இது பலிக்குமா என்று டாக்டருக்கே தெரியாது. பலித்தால், குட்டி வளர்ந்ததும் கூட்டிப்போய்ப் போட்டுவிடு. யாரோ புண்ணியவான் கண்டுபிடித்தது என்று மட்டும் சொல்லாதே. "உன் சித்தியும் இதற்குக் கையை நீட்டினாள்" என்று அவளிடம் சொல்.

உன் தங்கை