பாதாளத்துக் காவல்காரனும் அந்தப் பொண்ணும்

அன்புள்ள அம்மாவுக்கு, உன் மகள் வணக்கத்தோடு எழுதுறது.

முட்டி வலி குறைஞ்சுதாம்மா? அப்பா மாத்திரையை ஒழுங்கா போடுறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

வகுப்பில் இப்போ ஒரு நாவல் ஓடுது. புராணச் சாயலில் இளவட்டங்களுக்காக எழுதினது. பாதாளத்தில் மாட்டிக்கிட்ட பொண்ணுக்கும் அங்கே இருக்கிற காவல்காரனுக்கும் என்ன உறவுன்னு பேச்சு வந்தது. எல்லாரும் காதல்னாங்க. வேளாவேளைக்குச் சோறு போடுறான், குளிருக்குப் போர்வை தர்றான், வேறென்ன வேணுமாம்.

நான் மட்டும், "அவ வீட்டுக்கு வழி கேட்கும்போதெல்லாம் அவன் 'சாப்பிட்டியா'ன்னுதான் கேட்கிறான். அது காதல் இல்லை"ன்னேன். எதை வச்சுச் சொல்றேன்னு பேராசிரியர் கேட்டாங்க.

இங்கே படிப்பு நேரம் போக நான் வேலை பார்க்கிற கடை முதலாளி நல்லா கவனிச்சுக்கிறார். கடைக்கு மேலேயே ரூம், சாப்பாடும் அவரே. பாஸ்போர்ட்டைக்கூட பத்திரமா பூட்டி வச்சிருக்கார். திருப்பிக் கேட்டா, "முதல்ல சாப்பிடும்மா"ம்பார்.

நம்ம வீட்டு பீரோவில் என் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் இருக்கும். காலேஜ் முகவரிக்கு அனுப்பு, கடைக்கு வேண்டாம். அப்பாகிட்ட இப்போதைக்குச் சொல்லாதே.

போகணும்மா. கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிடுறார்.

உன் மகள்