உங்கள் பெயரில் நான் போட்ட கையெழுத்து

உங்கள் பென்ஷனை என் பெயருக்கு மாற்றும் படிவத்தை நிரப்ப இன்று காலை உட்கார்ந்தேன். மைப்புட்டியைத் திறந்தேன், அந்த வாசனைக்கே பழைய பயம் வந்துவிட்டது. நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. அந்தப் பயம் மட்டும் போகவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் கிளம்புவதற்கு முந்தைய வருடம். அவர்கள் ஆட்சியில் இருந்த தருமபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு அரசுப் பள்ளியில் வேலை. நீங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவர். இந்திய சர்க்கார் உதவித்தொகை மாதாமாதம் வந்தது. இங்கே புருஷன் பெண்சாதி இருவருக்கும் சேர்த்து ஒரே வருமானப் படிவம், கையெழுத்து புருஷனுடையது. என் சம்பளத்துக்குக் கீழே உதவித்தொகையையும் எழுதி, “ஸ்கூலுக்குப் போற வழியில ஆபீஸ்ல குடுத்துடு” என்றீர்கள்.

“இந்தியாப் பணம்னு தெரிஞ்சா என் வேலை போயிடுங்க.”

“திருடியா வாங்குறேன்? எதுக்கு மறைக்கணும்?”

எங்கள் பள்ளி வாத்தியார் ஒருவரை, அந்தப் பக்கத்துப் பத்திரிகை வைத்திருந்ததற்காக அப்போதுதான் விசாரித்திருந்தார்கள். இந்தியாவோடு சேரவேண்டும் என்பவர்களைப் பிரெஞ்சு சர்க்கார் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. வேறு படிவம் வாங்கி, அந்த ஒரு வரியை விட்டுவிட்டு எழுதி, உங்கள் கையெழுத்தை நானே போட்டேன்.

“என்ன மதாம், குடுத்தாச்சா?” என்றீர்கள் அன்று மாலை, பிரெஞ்சு துரைசானியைக் கூப்பிடுவது போல.

“குடுத்துட்டேங்க.”

மாட்டினால் பிடித்துக்கொண்டு போவது உங்களைத்தான் என்பது பிறகுதான் உறைத்தது. சிவப்புத் தொப்பிப் போலீஸ் பள்ளி வாசலைத் தாண்டினாலே சாக்பீஸ் கையிலிருந்து விழும். நீங்கள் வர ஒரு பஸ் தாமதமானால் போதும், எல்லைச் சாவடியில் பிடித்துவிட்டார்கள் என்றே நினைப்பேன். மண்டு, மண்டு என்று என்னையே திட்டிக்கொள்வேன். உங்களிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

மறு வருடப் படிவம் வந்த அன்று தாங்க முடியாமல் அழுதுகொண்டே சொன்னேன். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

“தெரியும். ஆவணியிலயே ஆபீஸ்ல கூப்பிட்டு, இது உங்க கையெழுத்துதானான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். கொஞ்சம் ரசம் ஊத்து.”

ஒரு வரியை மறைக்கச் சொன்னதற்கே கோபித்தவர் நீங்கள். எனக்காக அங்கே பொய் சொல்லிவிட்டு, ஆறு மாதம் மூச்சு விடாமல் இருந்திருக்கிறீர்கள். அந்த வருடம் உதவித்தொகை வரியை நானே எழுதி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இன்று என் பெயரைப் போட வேண்டிய இடத்தில் கை தானாக உங்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டது. அப்படியே பழைய வளைவு, பழைய சுழி. நாளை குமாஸ்தா, இது உங்க கையெழுத்துதானா என்று கேட்பார். ஆமாம், என்னுடையதுதான் என்று சொல்ல நீங்கள் வரமாட்டீர்கள்.