ஆலன்டவுனா, ஃபார்கோவா

ஹான்காக், மிச்சிகன்
ஞாயிறு மாலை

என் அருமை சென்யா,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, திட்டு வாங்கினாலும் தலை நிமிர்ந்து நிற்பாய் என்று நம்புகிறேன். கடலோரக் காவல் படை முகாமில் உங்கள் ஃபோன்களைப் பிடுங்கி வைத்துக்கொண்டதில் எனக்கு ஒரு லாபம். நான் சொல்வதை என் மகள் பாதியில் நிறுத்த முடியாது.

முதலில் நல்ல செய்தி. உன் தம்பி ஏரோவின் ஹாக்கி அணி தேசியப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டது! இன்று மதியம் டிவியில் பெயரைச் சொன்னதும் லெம்பியின் காபிக் கடையே எழுந்து கத்தியது. என் கூட்டாளி ட்ரெலோர் மேஜையைத் தட்டியதில் என் காபி முழுதும் என் சட்டையில். கோல் காப்பவன் என் பிள்ளை என்று தெரியாதவன் அந்தக் கடையில் யாருமில்லை. இருந்தாலும் இன்னொரு தடவை எல்லோரிடமும் சொல்லி வைத்தேன்.

உன் பக்கத்துக் கட்டில் டெக்சாஸ் பெண் ஐஸ் ஹாக்கியே பார்த்ததில்லை என்று எழுதியிருந்தாயே, அவளுக்கும் இதைப் படித்துக் காட்டு. நாட்டிலேயே சிறந்த பதினாறு கல்லூரி அணிகள். ஆட்டம் நடப்பது நாலு ஊர்களில், ஊருக்கு நாலு அணி. பலத்தைப் பார்த்து ஒவ்வொரு அணிக்கும் ஒன்று முதல் நாலு வரை ஓர் இடம் கொடுப்பார்கள். முதலாவது நாலாவதோடு மோதும், இரண்டாவது மூன்றாவதோடு. யார் எந்த ஊருக்குப் போவது என்பதை ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்யும். அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே உன் அப்பா சொல்லிவிடுவான். என் கணிப்பு வந்த பிறகுதான் இந்த ஊரில் பலர் தங்கும் விடுதிக்கே பணம் கட்டுகிறார்கள்.

இந்த வருடம் நம் அணிக்கு மூன்றாம் இடம், ஊர் ஆலன்டவுன் என்று நேற்றே அடித்துச் சொன்னேன். ஆலன்டவுனில் ஆட்டம் வியாழக்கிழமை. அங்கிருந்து உன் கேப் மே முகாம் மூன்று மணி நேரம்கூட இல்லை. வியாழன் ஏரோவின் ஆட்டம், வெள்ளிக்கிழமை காலை உன் பயிற்சி நிறைவு அணிவகுப்பு. இரண்டு பிள்ளைகளையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவளும் பெட்டியை எடுத்து வைத்தாள்.

இன்று அறிவித்தார்கள். மூன்றாம் இடம் சரி. ஊர் ஃபார்கோ, கேப் மேக்கு நேர் எதிர்த் திசை. ஆட்டம் வெள்ளிக்கிழமை.

ஒரே லீக்கில் ஆடுகிற இரண்டு அணிகளை முதல் ஆட்டத்திலேயே மோத விடமாட்டார்கள். ஆலன்டவுனில் இரண்டாம் இடம் வாங்கியது நம் லீக் அணிதான். பிறகு நம்மை எப்படி அங்கே போடுவார்கள்? இந்த விதியை மறந்ததற்காக ட்ரெலோரை எத்தனை வருடம் கிண்டல் செய்திருக்கிறேன்! அவன் விடுவானா? “என்னய்யா ஆர்வோ, ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த ஆளு, சொந்தப் புள்ள விஷயத்துல இப்படிக் கோட்டை விட்டுட்டியே!” என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தான். லெம்பி மட்டும் சிரிக்கவில்லை. “அவரு கணக்கு போடல, ஆசப்பட்டாரு” என்று சொல்லிவிட்டு எனக்கு வேறு காபி ஊற்றினாள். அவள் சொன்னதுதான் சரி.

பிறகு ட்ரெலோர், “ஃபார்கோவுக்கு எட்டு மணி நேரம்தான். வியாழக்கிழமை காலையில என் வண்டிலயே போயிடலாம், வழியில திங்க இறைச்சி பாஸ்டி கட்டிக்கச் சொல்லு” என்றான். ஏரோ பல் முளைத்து ஹாக்கி மட்டை பிடித்த நாளிலிருந்து அவன் ஆடிய ஓர் ஆட்டத்தையும் நான் விட்டதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். உனக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். உன் பிறந்தநாட்களில் பாதியை நீ ஏதாவது ஒரு மைதானத்து மரப் பலகையில், கையுறையோடு கேக் தின்றுதான் கொண்டாடியிருக்கிறாய்.

“நீ போய்ட்டு வா. நான் கேப் மே போறேன்” என்றேன். லெம்பி டிவியின் ஒலியைக் குறைத்தாள். “எம் பொண்ணு கடல் காவல்ல சேர்றா. அவ பேரக் கூப்பிடறப்ப அங்க யாராவது எழுந்து கத்த வேணாமா?” என்று கேட்டேன். போன குளிர்காலத்தில் உடைந்த பனிக்கட்டியின் மேல் வயிற்றால் தவழ்ந்து போய் ட்ரெலோரின் நாயை நீ இழுத்துக்கொண்டு வந்த கதையையும் மறுபடி ஒரு தடவை சொன்னேன். ட்ரெலோர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தலையை ஆட்டினான்.

சாயங்காலம் ஏரோ கூப்பிட்டான். எப்படிச் சொல்வது என்று நான் இழுத்துக்கொண்டிருந்தேன். அவனே, “அப்பா, நீங்க ஃபார்கோவுல வந்து நின்னீங்கன்னா உங்க பக்கம் திரும்பக்கூட மாட்டேன். அக்காகிட்ட போங்க” என்று சொல்லிவிட்டான். அவனை நினைத்தும் எனக்குப் பெருமைதான்.

நீச்சல் தேர்வில் ஒரு தடவை தவறிவிட்டாய், புதன்கிழமை மறுபடி நீந்த வேண்டும், அதிலும் தவறினால் இரண்டு வாரம் பின்தள்ளி அடுத்த பயிற்சிக் குழுவில் போடுவார்கள் என்று எழுதியிருந்தாய். “நான் இதுக்கு லாயக்கில்லையோன்னு தோணுது, நீங்க தம்பி மேட்ச்சுக்கே போங்க” என்றும் எழுதியிருந்தாய். அம்மா அந்தப் பக்கத்தை என்னிடம் நீட்டிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அதனால்தான் இதை நாளைக் காலை விரைவுத் தபாலில் போடுகிறேன், புதனுக்கு முன்னால் உன் கைக்கு வரவேண்டும்.

மகளே, புதன்கிழமை தண்ணீரில் இறங்கு. வெள்ளிக்கிழமை நாங்கள் வருகிறோமே என்ற அவசரத்தில் இறங்காதே, உனக்காக இறங்கு. இரண்டு வாரம் தள்ளிப்போனால் அது ஹாக்கி இறுதிச் சுற்று நடக்கிற வார இறுதி. ஏரோவின் அணி அதுவரை போனால், இந்த ஊரே பூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். அப்போதும் நானும் அம்மாவும் கேப் மேயில்தான் இருப்போம்.

எந்த வெள்ளிக்கிழமை என்று மட்டும் சொல்லி அனுப்பு. நீ நன்றாக இரு.

உன் அப்பா,
ஆர்வோ