நாற்பத்திரண்டு வரை

மயூர் விஹார், டெல்லி
12.1.2025

அன்புள்ள மேதாவுக்கு அப்பாவின் ஆசிகள்.

போன் செய்தால், உனக்குத் துணையாக அங்கே போயிருக்கிற அம்மாதான் எடுக்கிறாள். நீ பேச மாட்டேன் என்கிறாயாம். அதனால் எழுதுகிறேன். தமிழ் படிக்க உனக்குச் சிரமம், அம்மாவை வாசித்துக்காட்டச் சொல். நீ பனியில் வழுக்கி விழுந்து முதுகில் அடிபட்டு ஆறு வாரமாகிறது. இனி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பயிற்சி தரும் நடால்யா ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறாளாம். நீ காலையே தூக்குவதில்லையாம். டாக்டருக்குப் படிக்கிற பெண் இப்படி அடம் பிடிக்கலாமா?

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா
ஜகந்நாதன்


கஸான்
20.1.2025

அப்பா,

சொல்வது நான், எழுதுவது அம்மா.

"ருஷ்யாவுக்குப் போனா திரும்ப இந்த வாசப்படி மிதிக்காதே" என்று நான் கிளம்பிய அன்று சொன்னீர்கள். மூன்று வருடமாக மிதிக்கவில்லை. இப்போது நடந்து நான் எங்கே போக வேண்டும்?

இதை எழுத மாட்டேன் என்றாள் அம்மா. சண்டை போட்டு எழுத வைத்தேன்.

மேதா


மயூர் விஹார்
16.2.2025

மேதா கண்ணா,

நான் சொன்னது தப்பு. கோபத்தில் வந்த வார்த்தை என்று சமாளிக்க மாட்டேன். கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது; மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது என் வீம்பு.

போனில் பாடம் கேட்டு ருஷ்ய எண்கள் கற்றுக்கொள்கிறேன். த்வா, த்ரீ சுலபம், சமஸ்கிருதத்துக்குப் பக்கத்து வீடு. ஒன்றை ஓ போட்டு எழுதிவிட்டு அதீன் என்கிறார்கள். நாலுதான் வழிக்கு வரவில்லை. சித்தீரெ, சித்தீரெ என்று மாடி ஏறினால், யாரைத் திட்டுகிறீர்கள் என்று கீழ்வீட்டு மகாதேவன் கேட்கிறார். இருபதும் முப்பதும் ஒரே ஜாடை. நாற்பது மட்டும் ஒட்டாமல் உறவாடாமல் சோரக் என்று நிற்கிறது.

நாற்பத்திரண்டு வரை என் குரலில் பதிந்து அனுப்பியிருக்கிறேன். நடால்யாவுக்குப் பதில் ஒருநாள் நான் எண்ணுகிறேனே. பிடிக்காவிட்டால் நிறுத்திவிடு.

அப்பா


கஸான்
9.3.2025

அன்புள்ள அப்பா,

இதையும் அம்மாதான் எழுதுகிறாள். இந்த முறை சண்டையில்லை.

உங்கள் நாலைக் கேட்டு நடால்யா சிரித்தாள். பாடத்தில் ஒன்று அதீன்தான். ஆனால் இங்கே அடி எடுத்து வைக்கும்போது ராஸ் என்றுதான் ஆரம்பிப்பார்கள். திருத்திப் பதியச் சொல்லவா என்றாள் அம்மா. வேண்டாம் என்றேன்.

நாலு நாள் நான் அந்தப் பதிவை முழுதாகக் கேட்கவேயில்லை. ஐந்தாம் நாள் கேட்டேன். பத்தைத் தாண்டியதும் உங்களுக்கு மூச்சு வாங்குகிறது. இடையில் இரண்டு இடத்தில் நின்று இளைப்பாறுகிறீர்கள். நாற்பத்திரண்டோடு ஏன் நிறுத்திவிட்டார் என்று நடால்யா கேட்டாள். எங்கள் வீட்டு வாசலுக்கு அத்தனை படிதான் என்றேன். சொன்னதும் அழுதுவிட்டேன்.

இன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆறு அடி வைத்தேன். உங்கள் குரலை ஷெஸ்த்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். இன்னும் முப்பத்தாறு இருக்கிறது அப்பா, மெதுவாகத்தான் வருவேன்.

உங்கள்
மேதா